தலைமையாசிரியர்களின் பணிச்சோர்வுக்கு ஓர் ஆதரவுச் சேவை: உரையாடலுக்காகச் சேரலாம், செயலிக்காக வேண்டாம்

பள்ளித் தலைமையாசிரியர்கள், முதல்வர்கள், துணை முதல்வர்கள் ஆகியோருக்கென்றே நடத்தப்படும் இணையவழி ஆதரவுச் சேவை ஒன்றில் சென்ற கல்வியாண்டில் சேர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியும் அதைப் பயன்படுத்தினேன். பணி அழுத்தத்தையும், அது நாள்பட முற்றி உண்டாகும் பர்ன்அவுட் என்னும் பணிச்சோர்வையும் குறைப்பதே தங்கள் நோக்கம் என்று சேவையை நடத்துவோர் கூறுகிறார்கள். பெயரைக் குறிப்பிடாமலேயே எழுதுகிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகள் இதே அமைப்பில் இயங்கும் எந்தச் சேவையிலும் இருக்கக்கூடியவை. ஆகவே, சேர நினைப்பவர்களுக்குப் பெயரைவிட, எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்பதே பயன்படும்.

சேவை நான்கு பகுதிகளைக் கொண்டது. தொடக்கத்தில் ஒரு வினாத்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடன் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை காணொளி உரையாடல். வெவ்வேறு பள்ளிகளின் தலைவர்கள் ஆறு பேர் மாதந்தோறும் கூடும் ஒரு சிறு குழு. இவை போக, ஒரு கைப்பேசிச் செயலி. இவற்றுள் உரையாடலும் குழுவும் நான் எதிர்பார்த்ததைவிட மேலானவை. வினாத்தாளின் முடிவை வெளியிடும் முறையும் செயலியும் அவற்றோடு ஒட்டவே இல்லை. முதலில் சொன்ன இரண்டும் தலைமைப் பதவியின் அமைப்பில் எங்கே சுமை கூடுகிறது என்று தேடுகின்றன. மற்ற இரண்டும் அந்தப் பதவியில் இருப்பவரிடம் என்ன குறை என்று தேடுகின்றன. ஒரே சேவைக்குள் இரண்டு எதிரெதிரான எண்ணங்கள் குடியிருப்பதுதான் இதன் முதன்மையான சிக்கல்.

வினாத்தாளிலிருந்து தொடங்குகிறேன். பணிச்சோர்வு என்னும் நிலையை 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுத்தில் பதிவு செய்தார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளப்பதற்கு 22 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். உணர்வு வறண்டுபோதல், எதிரே இருப்பவர்களிடம் ஒட்டுதல் இல்லாமல் போதல், தன் பணியால் எதுவும் நிகழ்வதில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்று கூறுகளையும் அந்த அளவுகோல் தனித்தனியே அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டின் 11-ஆம் திருத்தமும் இதே மூன்று கூறுகளைத்தான் கூறுகிறது. பணிச்சோர்வை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீண்ட காலம் சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று குறிப்பிட்டு, பணி சார்ந்த ஒரு நிகழ்வாக மட்டுமே பட்டியலிட்டிருக்கிறது. அந்த அழுத்தத்தைக் கையாண்டிருக்க வேண்டியவர் யார், பணியாளரா பணியிடமா என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை. நான் பயன்படுத்திய சேவையும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

கேள்விகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. வகுப்பாசிரியர்களுக்கான கேள்விகளில் மாணவர் என்ற சொல்லை மட்டும் மாற்றி வைத்துவிட்டுத் தலைமையாசிரியர்களுக்கானது என்று கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. "பெற்றோர் ஒருவர் அறைக்குள் நுழையும்போதே, அவர் பேசி முடிக்கும் முன்பாகவே, பதிலைத் தயார் செய்துவிடுகிறேன்" என்ற கூற்றுக்கு நேரே எத்தனை நாட்களுக்கு ஒருமுறை அப்படி நேர்கிறது என்று குறிக்க வேண்டும். ஒட்டுதல் குறைவதை இதைவிட நுட்பமாகக் கேட்க முடியாது. தலைமைப் பதவியில் இருந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வியும் இடம்பெறுகிறது. அதற்கு ஆம் என்று குறிப்பவருக்கு அந்த நொடியே உதவி எண்ணும், ஒருவர் அழைத்துப் பேசலாமா என்ற கேள்வியும் திரையில் வரும் என்று விளக்கக் குறிப்பில் கூறியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளித் தலைவர்களின் நலன் குறித்து 2011 முதல் நடைபெற்றுவரும் ஆய்விலும், ஆபத்தான விடைகளைத் தருபவருக்கே நேரடியாக எச்சரிக்கை மின்னஞ்சல் செல்லும் ஏற்பாடு உண்டு. பாராட்டத்தக்க நடைமுறை.

முடிவைத் தரும்போதுதான் எல்லாம் குழம்புகிறது. மூன்று கூறுகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தையும் பூசிக் கொடுக்கிறார்கள். மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கூறுகளும் சேரும் விதத்தைப் பொறுத்து ஐந்து வகை நிலைகள் உண்டு என்று காட்டினார்கள். மிகுந்த களைப்பு மட்டும் இருப்பவர் சுமை அதிகமானவர். களைப்பே இல்லாமல் வெறுப்பு மட்டும் இருப்பவர் பணியிலிருந்து மனம் விலகியவர். பணியால் பயன் இல்லை என்ற எண்ணம் மட்டும் இருப்பவர் வேறொரு வகை. மூன்றும் சேர்ந்திருப்பவரே பணிச்சோர்வுக்கு ஆளானவர். மூன்றும் இல்லாதவர் ஈடுபாட்டோடு இருப்பவர். ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது வேறு. என் விடைகளில் களைப்பு உச்சத்தில் இருந்தது. பணியின் மீது வெறுப்போ அவநம்பிக்கையோ அநேகமாக இல்லை. ஆயினும் எனக்குச் சிவப்பு நிறம் கிடைத்தது. அதோடு, ஆசிரியப் பணியின் பொருளை மீண்டும் கண்டடைவதற்கான ஒலிப்பதிவுத் தொடர் ஒன்றும் பரிந்துரைக்கப்பட்டது. பணியின் பொருள் எனக்குத் தெரியும்; அதைச் செய்ய நேரம் இல்லை என்பதுதான் என் முறையீடு. ஆஸ்திரேலிய ஆய்வில் ஆண்டுதோறும் பள்ளித் தலைவர்கள் அழுத்தத்தின் காரணங்களாக முதல் வரிசையில் குறிப்பிட்டு வருபவையும், பணியின் அளவும் கற்றல் கற்பித்தலில் கவனம் செலுத்த நேரமின்மையும்தான்.

இனி உரையாடல். எனக்கு ஒதுக்கப்பட்டவர் நீண்ட காலம் உயர்நிலைப் பள்ளியொன்றை நடத்திய பெண்மணி. சமூகப் பணியாளர்களுக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கும் அவர்கள் துறையிலேயே மூத்த ஒருவரோடு தம் பணியைப் பற்றித் தவறாமல் பேசும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. துயரத்தையும் சினத்தையும் நாள் முழுவதும் எதிர்கொள்பவர் அதை இறக்கி வைக்க ஓரிடம் வேண்டும் என்பது அந்தத் துறைகளில் விவாதத்துக்கே உரியதல்ல. பள்ளித் தலைவர்களுக்கு அப்படியொன்று இல்லை. மேலே நிர்வாகம், கீழே ஆசிரியர்கள், எதிரே பெற்றோர். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்து நாற்காலியைத்தான் இந்தச் சேவை தருகிறது.

முதல் உரையாடலில் அவர் என் மனநிலையைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. முந்தைய செவ்வாய்க்கிழமையின் நாட்குறிப்பையும் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, அன்று காலை முதல் என்னிடம் வந்தவை அனைத்தையும் வரிசையாகப் படிக்கச் சொன்னார். விடுப்பில் இருந்த ஆசிரியரின் வகுப்புக்கு யாரை அனுப்புவது, ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது, மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதித் திருத்தம், மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு வந்த பெற்றோர், கழிப்பறைக் குழாய்ப் பழுது, மாலைக்குள் அனுப்பியே ஆக வேண்டும் என்று கேட்கப்பட்ட மாணவர் எண்ணிக்கை விவரம், ஓய்வறையில் இரண்டு ஆசிரியர்களுக்குள் மூண்ட வாக்குவாதம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது உங்களிடம் ஏன் வந்தது?" சிலவற்றுக்கு விடை தெளிவாக இருந்தது. பலவற்றுக்கு, எப்போதும் என்னிடம்தான் வரும் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். விடுப்பு எடுத்தவர்களின் வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர்களைப் போடும் பட்டியலை எங்கள் பள்ளியில் உதவித் தலைமையாசிரியர்தான் தயாரிப்பார்; நான் கையெழுத்திட்ட பிறகே அறிவிப்புப் பலகைக்குப் போகும். அதனால் ஓய்வுப் பாடவேளையை இழந்த ஆசிரியர் முதலில் அவரிடம் முறையிட்டுவிட்டு, பின்னர் என்னிடமும் வருவார். தினமும் காலையில், இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்பே, இதே பேச்சு இரண்டு அறைகளில் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்தை விலக்கி, உதவித் தலைமையாசிரியரின் பட்டியலே இறுதியானது என்று எழுத்தில் அறிவிப்பதென்றும், வாரக் கடைசியில் மொத்தப் பட்டியலை ஒருமுறை நான் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. தொடக்கத்தில் சிலர் என் அறைக்கே வருவார்கள், அவர்களிடம் "அவரிடமே பேசுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அப்படியே வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நின்றுபோனது. உதவித் தலைமையாசிரியரின் நடையிலேயே ஒரு நிமிர்வு தெரிந்தது என்பது எதிர்பாராத கூடுதல் பலன்.

இந்த அணுகுமுறைக்குப் பின்னால் ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. 1979-இல் ராபர்ட் கராசெக் முன்வைத்த கருத்தின்படி, பணியின் கோரிக்கைகள் மிகுந்திருப்பது மட்டும் ஒருவரை வாட்டுவதில்லை. கோரிக்கைகள் மிகுந்தும் முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் பணியே அதிகம் வாட்டுகிறது. தலைமையாசிரியர் என்றால் உரிமை முழுவதும் அவர் கையில் இருப்பதாக வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உரையாடலின் ஒரு பயிற்சியில், நான் பொறுப்பேற்க வேண்டியவற்றை ஒரு பத்தியிலும், நானே முடிவெடுக்கக்கூடியவற்றை அடுத்த பத்தியிலும் எழுதினேன். தேர்ச்சி விழுக்காடு முதல் பத்தியில் இருந்தது; ஆசிரியர் நியமனம் இரண்டாவது பத்தியில் இல்லை. கட்டடத்தின் பாதுகாப்பு முதலாவதில் இருந்தது. பழுதுபார்ப்பதற்கான செலவு இரண்டாவதில் இல்லை. இடைவெளி எங்கே இருக்கிறது என்று தாளில் பார்த்த பிறகு, நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. மனம் லேசாயிற்று என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவு வந்தது.

எல்லா உரையாடல்களும் நிர்வாகக் கணக்காகவே இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். பல ஆண்டுகள் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருந்த தோழருக்கே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்க நேர்ந்தபோது, அதன் வாசகத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அதைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை அவர் முகத்தில் விழிப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் முழு நேரமும் பேசினோம். அந்தப் பேச்சை வீட்டிலும் பேச முடியாது, பள்ளியிலும் பேச முடியாது. பணியின் உள்ளே இருந்து வந்த ஒருவரிடம் மட்டுமே முடியும். தாம் உளவியல் மருத்துவர் அல்லர் என்பதை அவர் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். தூக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ பள்ளி விடுமுறையிலும் நீடித்தால் அது பணிச்சோர்வைத் தாண்டியதாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எல்லையையும் வரைந்து காட்டினார். இத்தகைய சேவைகளை விற்பவர்களிடம் இந்த நேர்மை அரிது.

ஒரு குறையும் உண்டு. உதவித் தலைமையாசிரியர், அலுவலகப் பணியாளர்கள், துறைத் தலைவர்கள் எல்லாரும் இருக்கும் பெரிய பள்ளியே ஆலோசகர்களின் மனத்தில் இருக்கிறது. தானும் முழு நேர வகுப்பு எடுத்துக்கொண்டு, பதிவேடும் எழுதி, மணியும் அடிக்கும் சிறு பள்ளித் தலைவருக்கு, "இதை யாரிடம் ஒப்படைக்கலாம்?" என்ற கேள்வி கேலியாகவே ஒலிக்கும். எங்கள் குழுவில் இருந்த அப்படிப்பட்ட ஒருவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். அவருக்குக் கொடுக்க அவர்களிடம் ஆறுதல் இருந்தது; வழி இல்லை.

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் தம் சிக்கலை முன்வைப்பார். மற்றவர்கள் முதல் பாதி நேரத்தில் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், அறிவுரை கூறக் கூடாது. 1940-களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களிடையே ரெக் ரெவன்ஸ் வளர்த்தெடுத்த செயல்வழிக் கற்றல் முறையிலிருந்து வந்த விதி இது. அறிவுரை கூறியே பழகிய ஆறு தலைமையாசிரியர்களை அரை மணி நேரம் கேள்வியோடு நிறுத்தி வைப்பது எளிய செயல் அன்று, நெறியாளருக்கு அதற்கான கண்டிப்பு போதவில்லை. பேச்சில் வல்ல ஒருவர் இரண்டு கூட்டங்களை முழுவதுமாக எடுத்துக்கொண்டார். தேர்வுக் காலத்தில் இருவர் விலகினார்கள், அவர்கள் இடம் நிரப்பப்படவில்லை. இத்தனைக்கும் பிறகும் அடுத்த கூட்டத்துக்கு நான் காத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த ஒன்று, இன்னொரு பள்ளியிலும் அதே வடிவில் நடக்கிறது என்று கேட்பதே பாதிச் சுமையை இறக்கிவிடுகிறது.

செயலிக்கு வருகிறேன். மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கான ஒலிப்பதிவுகள், அன்றாட மனநிலைப் பதிவு, நன்றியறிதல் குறிப்பேடு ஆகியவை அதில் இருக்கின்றன. மூச்சுப் பயிற்சி பயனற்றது என்று கூறமாட்டேன். சினத்தோடு காத்திருக்கும் பெற்றோரைச் சந்திக்கப் போகும் முன் மெதுவாக மூச்சு விடுவது என் குரலைத் தாழ்த்த உதவியது. ஆனால் சேவையின் விளம்பரத்தில் முன்னணியில் நிற்பது உரையாடல் அன்று, இந்தச் செயலிதான். ஆய்வுகள் காட்டுவது அதற்கு நேர்மாறானது. மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்றில், தனிநபரைத் திருத்த முயன்றவற்றைவிடப் பணியமைப்பை மாற்றியவையே கூடுதல் பலன் தந்தன. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவுகளைக் கொண்டு வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், செயலி, மனப்பயிற்சி, தாங்குதிறன் வகுப்பு போன்ற தனிநபர் ஏற்பாடுகளில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேலான நிலையில் இருக்கவில்லை. பள்ளித் தலைவர்களின் பணி இவற்றிலிருந்து வேறுபடலாம்; ஆயினும் செயலியை முன்னிறுத்தி விற்பதற்கு இவை ஆதரவாக இல்லை.

செயலியின் நடத்தை இன்னும் எரிச்சலூட்டுவது. மனநிலையைப் பதிவு செய்யாமல் விட்டால், இரவு ஒன்பதரை மணி அளவில், "இன்று உங்களை நீங்கள் கவனித்துக்கொண்டீர்களா?" என்ற அறிவிப்பு வருகிறது. பணி நேரத்துக்குப் பிறகு மீள்வதற்கு உதவும் அனுபவங்களாக சபீன் சோனென்டாக்கும் சார்லட் ஃப்ரிட்சும் 2007-இல் நான்கைக் குறிப்பிட்டனர். அவற்றுள் முதலாவது, மனத்தளவில் பணியை விட்டு விலகியிருத்தல். ஆசிரியர் வாட்ஸ்அப் குழு, பெற்றோர் வாட்ஸ்அப் குழு, மேலிடத்திலிருந்து வரும் அவசரச் செய்திகள் என்று ஏற்கெனவே ஓயாமல் ஒலிக்கும் கைப்பேசியில், பணிச்சோர்வை நினைவூட்டும் அறிவிப்பு ஒன்றும் இரவில் சேருமானால் அது மேலும் ஓர் அலுவலகச் செய்தியாகவே ஆகிவிடுகிறது. அதை மட்டும் நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் உரையாடல் நேரத்துக்கான நினைவூட்டலும் சேர்ந்து நின்றுவிடும். ஆதரவுப் பிரிவுக்கு எழுதியபோது, கருத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு மறுமொழி வந்தது. வேறு எதுவும் மாறவில்லை.

சேரும் முன் எல்லாரும் கவனிக்க வேண்டியது சந்தாவின் வகை. தனிநபராகவும் சேரலாம், பள்ளி நிர்வாகத்தின் வழியாகவும் சேரலாம். நிர்வாகம் பணம் கட்டினால், பங்கேற்பு விவரமும் வினாத்தாள் முடிவுகளின் நிற விகிதமும் பருவத்துக்கு ஒருமுறை நிர்வாகத்துக்குச் செல்கின்றன. பெயர்கள் இடம்பெறாது என்று உறுதி அளிக்கிறார்கள். பல பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தில் அந்த உறுதிக்குப் பொருள் உண்டு. ஒரே பள்ளி, ஒரே தலைமையாசிரியர், ஒரு துணை என்றால் சிவப்பு யார் என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? பதவி நீட்டிப்பை முடிவு செய்பவர்களின் கைக்கு அந்த நிறம் போகும் என்று அறிந்தவர் வினாத்தாளில் உண்மையைக் குறிக்கமாட்டார். உண்மையைக் குறிக்காதவருக்கு உரையாடலும் பொருத்தமாக அமையாது. குறைந்தது பத்துப் பேரின் விடைகளாவது சேராமல் தொகுப்பறிக்கை அனுப்புவதில்லை என்ற விதி இருக்க வேண்டும். நான் தனிநபராகச் சேர்ந்ததற்கு இதுவே காரணம். நிர்வாகத்தின் வழியாகச் சேர்வோர், அறிக்கையின் மாதிரிப் படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வினாத்தாளைத் திறப்பது நல்லது.

சிறிய செய்திகள் சில: காணொளி தடையின்றி இயங்கியது, உரையாடல் நேரத்தை முதல் நாள் வரை மாற்றிக்கொள்ள முடிந்தது, தேர்வு, சேர்க்கை போன்ற நெருக்கடிக் காலங்களில் மாலை நேர இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்பதிவு தேவை, ஆலோசகர் பொருந்தவில்லை என்றால் காரணம் கேட்காமல் மாற்றித் தருகிறார்கள். உதவி எண்ணை நான் அழைத்ததில்லை, ஆகவே அதைப் பற்றி எதுவும் கூற இயலாது.

புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்றவர்களுக்கும், பணியின் மீது பற்று குறையாமல் களைப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கும் இந்தச் சேவையின் உரையாடலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். துணைப் பணியாளர்கள் இல்லாத சிறு பள்ளிகளின் தலைவர்கள், தங்களைப் போன்ற பள்ளியை நடத்திய ஆலோசகரே வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால் குழுவில் மட்டும் சேர்வது மேல். வரும் கல்வியாண்டுக்கு நான் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். உரையாடலும் குழுவும் மட்டும் கொண்ட திட்டம் இல்லாததால் செயலிக்கும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, உரையாடல் நாட்களை மேசை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.